இடி அமீனின் வெள்ளைக்கார நண்பர்கள்: எப்போது தெரியும், எப்போது விழித்தார்கள்?

1975 ஜூலையில் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் அங்கங்கே கண்ணில் படுகிறது. பல்லக்கு போன்ற ஒரு நாற்காலியில் உகாண்டாவின் ராணுவ ஆட்சியாளர் இடி அமீன் அமர்ந்திருக்கிறார். தண்டுகளுக்குத் தோள் கொடுத்துத் தூக்கி வருபவர்கள் நான்கு பிரிட்டிஷ்காரர்கள். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாடு கம்பாலாவில் நடந்த சமயம் அது. விருந்துக்கு வந்திருந்த தூதர்களின் கண்முன்னே இந்த ஊர்வலம் நடந்தது. 1894 முதல் 1962 வரை உகாண்டாவை ஆண்ட வெள்ளைக்காரனின் தோளில் ஒரு கறுப்பினத் தலைவர் ஏறி வருகிறார். பார்த்தவர்களில் பலர் ரசித்தார்கள். அந்த ரசனையை முழுக்கத் தப்பென்று சொல்லிவிட முடியாது. காலனி ஆட்சியில் பட்ட அவமானத்துக்கு அது ஒரு பதிலடியாகத் தெரிந்திருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நால்வரும் கைதிகள் அல்ல. உகாண்டாவில் தொழில் செய்து பிழைத்துக்கொண்டிருந்தவர்கள். நாட்டில் என்ன நடக்கிறது என்று அறியாதவர்களாக இருந்திருக்கவும் முடியாது. அதற்குள் நான்கரை ஆண்டுகளாகப் பிணங்கள் நைல் நதியில் மிதந்துகொண்டிருந்தன.

கொடுங்கோலனின் அரண்மனைக்குள் இழுக்கப்படும் வெளியாளின் கதைக்கு ஒரு பழகிய வார்ப்பு உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருவன் வருகிறான், பெரும்பாலும் இளைஞன், அநேகமாக மருத்துவன். தலைவனின் சிரிப்பிலும் தாராளத்திலும் மயங்குகிறான். வீடு, கார், விருந்து என்று வசதிகள் சேர்கின்றன. ஒரு நாள் ஒரு பிணத்தைப் பார்க்கிறான், கண் திறக்கிறது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். இந்தக் கதையில் அறிதல்தான் உச்சக்கட்டம். தெரிந்துவிட்டால் மனசாட்சி தானாக எழுந்துவிடும் என்பது இதன் நம்பிக்கை. அமீனைச் சுற்றி உண்மையிலேயே இருந்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. தெரிந்தது முதலிலேயே. விழிப்பு, வந்தவர்களுக்குக்கூட, பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. நடுவில் கிடக்கும் அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் மயக்கத்துக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். 1946-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆப்பிரிக்கப் படைப்பிரிவில் சமையல் உதவியாளாகச் சேர்ந்தவர் அமீன். ஆறடிக்கு மேல் உயரம். 1950-களில் நாட்டின் லைட் ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன். 1971 ஜனவரி 25 அன்று, குடியரசுத் தலைவர் மில்டன் ஒபோட்டே காமன்வெல்த் மாநாட்டுக்காகச் சிங்கப்பூர் போயிருந்தபோது ஆட்சியைப் பிடித்தார். கம்பாலாத் தெருக்களில் மக்கள் ஆடிப்பாடி வரவேற்றார்கள். ஒபோட்டே தனியார் நிறுவனங்களில் அரசுக்குப் பெரும்பங்கு கேட்டவர். தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்காதே என்று பிரிட்டனோடு மோதியவர். அவர் போனதில் லண்டனுக்கும் நிம்மதி. அமீன் அரசியல் கைதிகளை விடுவித்தார், காவலர் இல்லாமல் ஜீப்பை ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றினார், வழியில் நிறுத்தி ஜனங்களிடம் நகைச்சுவை பேசினார். 1971 பிப்ரவரியில் ஒரு வெளிநாட்டுக்காரர் அவரை விரும்பியிருந்தால் அது குற்றம் ஆகாது.

ஆனால் அந்தச் சலுகைக்காலம் மிகக் குறுகியது. ஒபோட்டேயின் லாங்கி இனத்தையும் அதன் அண்டை இனமான அச்சோலியையும் சேர்ந்த படைவீரர்கள் அதே ஆண்டிலேயே முகாம்களுக்குள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். இதை விசாரிக்க 1971 ஜூலையில் இரண்டு அமெரிக்கர்கள் ம்பராராவில் இருந்த சிம்பா ராணுவ முகாமுக்குப் போனார்கள். ஒருவர் நிக்கலஸ் ஸ்ட்ரோ, பத்திரிகையாளர். மற்றவர் ராபர்ட் சீடில், மக்கெரெரே பல்கலைக்கழக ஆசிரியர். இருவரும் திரும்பவில்லை. அமெரிக்காவின் நெருக்குதலால் அமீன் ஒரு விசாரணை ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று. பொறுப்பேற்றவர் டேவிட் ஜெஃப்ரிஸ் ஜோன்ஸ், உகாண்டா உயர் நீதிமன்றத்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் நீதிபதி. சாட்சிகள் பயந்தார்கள், ராணுவம் ஒத்துழைக்கவில்லை. அவர் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகே அறிக்கையைக் கொடுத்தார். கொன்றவர்கள் ராணுவத்தினர்தான் என்பது அவர் முடிவு.

இந்த நீதிபதியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவர் கதையில் மயக்கமும் இல்லை, திடீர்த் திருப்பமும் இல்லை. கொடுத்த வேலையைச் செய்தார், செய்தால் உயிருக்கு ஆபத்து என்று புரிந்ததும் பாதுகாப்பான இடத்திலிருந்து செய்து முடித்தார். ஆனால் அவர் அறிக்கைக்குப் பிறகு, "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமை கம்பாலாவிலிருந்த எந்த வெள்ளைக்காரருக்கும் இல்லாமல் போனது. அப்போது ஆண்டு 1972. நாற்காலியைத் தூக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

அதே 1972-இல் நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஆகஸ்டில் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குஜராத்திகளும் பஞ்சாபிகளும், கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். செப்டம்பர் 21 அன்று தலைமை நீதிபதி பெனடிக்டோ கிவானுகாவை உயர் நீதிமன்றத்தின் உள்ளே புகுந்து இழுத்துப் போனார்கள். பட்டப்பகலில், ஊரறிய. அதற்குப் பின் அவரை உயிரோடு கண்டவர் யாரும் வெளியே வந்து சொல்லவில்லை.

இங்கேதான் மீந்திருந்த வெளியாட்களின் மதிப்பு ஏறத் தொடங்குகிறது. ஆசிய வணிகர்கள் போனதும் கடைகள் ராணுவத்தினர் கைக்குப் போயின. சரக்கு தீர்ந்ததும் சர்க்கரைக்கும் சோப்புக்கும் தட்டுப்பாடு வந்தது. இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர், வெளிநாட்டிலிருந்து பொருள் தருவிக்கத் தெரிந்தவர், லண்டனில் யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்தவர் எல்லோரும் அரிய சரக்காகிவிட்டார்கள். அதைவிட முக்கியமான காரணம் அமீனின் பயம். அவர் நம்பியது தன் சொந்தக் காக்வா இனத்தவரையும் நூபியர்களையும் தெற்குச் சூடானிலிருந்து சேர்த்த வீரர்களையும்தான். அவர்களிலும் யார் எப்போது துப்பாக்கியைத் திருப்புவார்கள் என்ற சந்தேகம் அவரை விடவில்லை. வெள்ளைக்காரனுக்கு அங்கே இனம் இல்லை, முகாம் இல்லை, பின்னால் திரள ஒரு கிராமம்கூட இல்லை. அவனால் ஆட்சியைக் கவிழ்க்க முடியாது. அவனுடைய சோறும் உயிரும் ஒரே ஒரு மனிதரின் முகமலர்ச்சியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. சர்வாதிகாரிக்கு இதைவிடத் தோதான ஆள் கிடைப்பானா? பல்லக்கு ஊர்வலம் வெளியில் தெரிந்த வேடிக்கை. உள்ளே இந்தக் கணக்குத்தான் ஓடியது.

பாப் ஆஸ்டில்ஸ் என்பவரின் வாழ்க்கையில் இந்தக் கணக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. 1924-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்து, ராணுவத்தில் இருந்துவிட்டு, காலனிக் காலத்திலேயே உகாண்டாவுக்கு வேலைக்கு வந்தவர். விடுதலைக்குப் பிறகு மற்ற வெள்ளையர்கள் மூட்டை கட்டியபோது தங்கிவிட்டார். உகாண்டாப் பெண்ணை மணந்தார். ஒபோட்டேக்கு நெருக்கமானார். அந்த நெருக்கத்துக்காகவே அமீன் அவரைச் சிறையில் தள்ளினார். சில மாதங்கள் கழித்து வெளியே வந்தார். பிறகு அன்னாசித் தோட்டம் போட்டுக்கொண்டு ஒதுங்கி இருந்தார்.

உலகத்தில் எவருக்காவது அமீனின் சிறை எப்படி இருக்கும் என்று நேரில் தெரியும் என்றால் அது ஆஸ்டில்ஸுக்குத் தெரியும். பக்கத்து அறையின் சத்தத்தைக் கேட்டவர் அவர். ஆனாலும் 1975-இல் அமீனிடமே வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளையர் சிலர் அமீன் முன் மண்டியிட்டு, உகாண்டா ராணுவத்தில் சேர்வதாக உறுதிமொழி எடுத்தபோது அவரும் அவர்களில் ஒருவர். "மேஜர் பாப்" ஆனார். மக்கள் வைத்த பெயர் வேறு: "வெள்ளை எலி."

அவருக்குக் கிடைத்த பொறுப்பு கடத்தல் தடுப்பு. கேட்பதற்குச் சாதாரண வேலைதான். ஆனால் 1975-இல் பிரேசிலில் பனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகியதால் உலகச் சந்தையில் காப்பி விலை எகிறியிருந்தது. உகாண்டா அரசு விவசாயிக்குக் கொடுத்த விலையோ மதிப்பிழந்த காகிதம். எனவே காப்பி மூட்டைகள் இரவோடு இரவாக விக்டோரியா ஏரி வழியே படகில் கென்யாவுக்குப் போயின. அமீனின் அரசுக்கு மிச்சமிருந்த கிட்டத்தட்ட ஒரே அந்நியச் செலாவணி காப்பி. ஆகவே ஏரியில் கடத்தல்காரன் என்று சந்தேகப்பட்டாலே சுடலாம் என்ற நிலை வந்தது. சந்தேகத்துக்கு ஆளானவர்களில் மீன் பிடிக்கப் போனவனும் உண்டு. ஆஸ்டில்ஸ் மேற்பார்த்த வேலை இது. அலுவலகக் கோப்பில் அது பொருளாதாரக் குற்றத் தடுப்பு, ஏரிக்கரையில் அது மரணம். கொடுங்கோல் ஆட்சியில் சேரும் வெளியாளுக்குப் பெரும்பாலும் இந்த மாதிரிப் பெயர்ப்பலகை மாட்டிய வேலைதான் கிடைக்கும். சித்திரவதைக்கூடத்துக்குப் பொறுப்பேற்கும்படி யாரும் அவனைக் கேட்பதில்லை.

பின்னாளில் பேட்டிகளில் ஆஸ்டில்ஸ் தன்னைப் பெரிதாக நியாயப்படுத்தவும் இல்லை, மனம் உடைந்து அழவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன், கண்டதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அதுதான் அவர்களுக்குப் பிடித்தது என்ற பொருளில் சொன்னார். அமீன் வீழ்ந்த 1979-இல் ஏரியைக் கடந்து கென்யாவுக்கு ஓடினார், உகாண்டாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார், ஏரியில் மீனவர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் நிறுத்தப்பட்டார். நீதிமன்றம் விடுவித்தது, அரசு விடவில்லை. 1985-இல்தான் சிறையிலிருந்து வெளியேறி லண்டன் சேர்ந்தார். 2012-இல் 88 வயதில் இறந்தார். அவர் கொலைகாரர் என்று நிரூபிக்கப்படவில்லை, அதை எழுதியே ஆக வேண்டும். அவரைப் பற்றி உலவிய கதைகளில் மிகையும் இருந்திருக்கும். ஆனால் விழித்தாரா என்று கேட்டால், கண் மூடியிருந்ததை ஒப்புக்கொள்வதும் விழிப்பும் ஒன்றல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே வட்டத்தில் இருந்த ராபர்ட் ஸ்கேன்லன் என்ற பிரிட்டிஷ் வணிகர் உகாண்டாக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார். 1977-இல் அரசு ஆராய்ச்சிப் பிரிவு அவரைப் பிடித்துப் போனது. உயிரோடு திரும்பவில்லை. பெயரைப் பார்த்து ஏதோ நூலகம் என்று நினைக்க வேண்டாம். அமீனின் உளவு, கொலை நிறுவனத்தின் பெயர் அது. அதன் தலைமையகம் தூதர்களும் செல்வர்களும் குடியிருந்த நக்கசேரோக் குன்றின் மேலேயே இருந்தது, குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் பக்கத்தில். "நான் வெளியாள், எனக்கு ஒன்றும் ஆகாது" என்ற காப்பு ஸ்கேன்லனிடம் ஒருகாலத்தில் இருந்தது. குடியுரிமையோடு சேர்த்து அதையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

டெனிஸ் ஹில்ஸ் இதற்கு நேர்மாறான ஆசாமி. கம்பாலாவில் ஆசிரியராக இருந்த ஆங்கிலேயர். அச்சேறாத தன் நூலின் கையெழுத்துப் பிரதியில் அமீனைக் கிராமத்துக் கொடுங்கோலன் என்ற பொருளில் எழுதியிருந்தார். 1975-இல் கைது, ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அவரை மீட்க எலிசபெத் ராணியின் கடிதத்தோடு இரண்டு அதிகாரிகள் போனார்கள். அவர்களில் இயன் கிரேம் ஒருகாலத்தில் அமீனுக்கே மேலதிகாரியாக இருந்தவர். அமீன் அவர்களைத் தாழ்ந்த வாசல் கொண்ட ஒரு குடிசையில் உட்கார்ந்துகொண்டு வரவேற்றார். உள்ளே நுழைய வேண்டுமென்றால் குனிந்தே ஆக வேண்டும். படம் எடுக்க ஆள் தயாராக இருந்தது. கடைசியில் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் காலஹன் நேரில் வந்து ஹில்ஸை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார். நாற்காலி ஊர்வலம் நடந்ததும் அதே மாதம்தான். ஒரே ஊரில், ஒரே நாட்டுக்காரர்களில், ஒருவர் எழுதியதற்காக மரணத்தின் விளிம்புவரை போய்வந்தார், வேறு நால்வர் நாற்காலிக்குத் தோள் கொடுத்தார்கள்.

வெளியாள் என்றாலே அப்பாவி என்று எண்ணவும் வேண்டாம். சி.ஐ.ஏ.வில் இருந்து வெளியேறிய ஃபிராங்க் டெர்பில் என்ற அமெரிக்கர் அமீனின் ஆட்களுக்குக் கருவிகள் விற்றுப் பணம் பண்ணினார். அவரிடம் விழிப்புக்கு என்ன வேலை? இஸ்ரேல் கர்னல் பரூக் பார்-லெவ் இன்னொரு ரகம். இஸ்ரேல் ராணுவப் பிரதிநிதியாகக் கம்பாலாவில் இருந்தபோது அமீனின் நெருங்கிய நண்பர். 1976-இல் இஸ்ரேலியப் பயணிகளோடு கடத்தப்பட்ட விமானம் உகாண்டாவின் எண்டெபே விமான நிலையத்தில் நின்றபோது, டெல் அவிவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, பயணக் கைதிகளை விடுவித்தால் நோபல் அமைதிப் பரிசுகூடக் கிடைக்கலாம் என்று அமீனைக் குளிர்வித்தார். பழைய நட்பை இப்படியும் பயன்படுத்தலாம்.

ஜூலை 4 அதிகாலையில் இஸ்ரேல் கமாண்டோக்கள் எண்டெபேயில் இறங்கிக் கைதிகளை மீட்டார்கள். டோரா பிளாக் என்ற எழுபது வயது கடந்த மூதாட்டி மட்டும் அங்கே இல்லை. உணவு தொண்டையில் சிக்கியதால் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். மீட்பு நடந்த பிறகு ஒரு பிரிட்டிஷ் தூதரக அதிகாரி அவரைப் போய்ப் பார்த்தார். சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போய்த் திரும்பி வந்தபோது உள்ளே விடவில்லை. அதற்குள் பிளாக்கை அமீனின் ஆட்கள் இழுத்துப் போய்க் கொன்றிருந்தார்கள். அவரது எச்சங்கள் 1979-இல்தான் கிடைத்தன.

அந்த மருத்துவமனை யாருடைய துறையின் கீழ் இருந்ததோ அவருடைய கதைதான் விழிப்பைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கிறது. ஹென்றி கியெம்பா, சுகாதார அமைச்சர். அவர் வெள்ளையர் அல்ல, வெளிநாட்டவரும் அல்ல. ஆனால் அமீனின் வட்டத்துக்கு அவரும் வெளியாளே. ஒபோட்டேயின் செயலாளராக இருந்து, ஆட்சி கவிழ்ந்த அன்று அவரோடு சிங்கப்பூரில் இருந்தவர். திரும்பி வந்தார், அமீனிடமும் அதே மாதிரிப் பணியில் அமர்ந்தார். 1972-இல் சொந்தச் சகோதரர் கொல்லப்பட்டார். கியெம்பா பதவியில் தொடர்ந்தார். 1974-இல் அமீன் விவாகரத்து செய்த மனைவி கேயின் உடல் துண்டிக்கப்பட்ட நிலையில் கிடைத்தது. கை கால்களைச் சேர்த்துத் தைக்கும்படி உத்தரவு வந்தது, பிறகு அமீன் குழந்தைகளை அழைத்துவந்து அந்த உடலைக் காட்டினார் என்று கியெம்பாவே பின்னர் எழுதினார். அன்றும் அவர் போகவில்லை. 1977 பிப்ரவரியில் ஆங்கிலிகன் பேராயர் ஜனானி லுவும் இரண்டு அமைச்சர்களோடு கொல்லப்பட்டார். கார் விபத்து என்றது அரசு. சில மாதங்கள் கழித்து, மே மாதத்தில், உலக சுகாதார அமைப்பின் கூட்டத்துக்காக வெளிநாடு போனவர் திரும்பவில்லை. லண்டனில் தஞ்சம் புகுந்து, பெயர் பெயராக, பிணம் பிணமாக எழுதித் தள்ளினார்.

ஆறு ஆண்டுகள். அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. அப்படியானால் 1977-இல் மாறியது என்ன? அமைச்சர்களே கொல்லப்படும் நிலை வந்திருந்தது. அடுத்த முறை தன் பெயராகவும் இருக்கலாம் என்ற கணக்கு. இதைச் சொல்வது அவரை இழிவுபடுத்த அல்ல. ஓடியிருந்தால் உறவினர்களின் கதி என்ன என்ற கேள்வி கியெம்பாவுக்கு இருந்தது. ஆஸ்டில்ஸுக்கோ நாற்காலி தூக்கிய நால்வருக்கோ அந்த அளவுக்கு இல்லை. அவர்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது, எண்டெபேயில் விமானம் இருந்தது. ஆனாலும் உலகம் அமீனின் ஆட்சியை உள்ளிருந்து அறிந்தது அந்தப் பாஸ்போர்ட் இல்லாதவர் பேசியதால்தான். விழிப்புக்குப் பின்னால் உயிர்ப்பயம் இருந்தால் அதன் மதிப்பு குறைந்துவிடுகிறதா? கியெம்பாவின் சாட்சியத்தை வாசித்தால் அப்படித் தோன்றவில்லை. பயத்தில் கிளம்பியவர் வாயை மூடிக்கொண்டு பிழைத்திருக்கலாம். இவர் தன் பங்கையும் சேர்த்தே எழுதினார்.

சலுகையால் இழுக்கப்படாமல் கொள்கையால் இழுக்கப்பட்டவர்களின் விழிப்பு இன்னும் தாமதமாகும் போலிருக்கிறது. சிட்னி ரிட்டன்பர்க் என்ற அமெரிக்கர் 1945-இல் ராணுவ வீரராகச் சீனாவுக்குப் போய், மாவோவின் தோழர்களோடு அவர்களின் தளமான யெனானில் தங்கிக் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். 1949-இல் உளவாளி என்று பிடித்து ஆறு ஆண்டுகள் தனிச்சிறையில் வைத்தார்கள். தவறு நேர்ந்துவிட்டது என்று விடுவித்தபோது, நாடு திரும்பாமல் கட்சிக்கே திரும்பினார். தனக்கு இழைத்த அநீதியைக்கூடப் புரட்சியின் தேவை என்று விளங்கிக்கொள்ள முடிந்தது அவரால். கலாச்சாரப் புரட்சியில் பீக்கிங் வானொலியில் கலகக் குழுவின் முன்வரிசையில் நின்று, மற்றவர்களைத் தூற்றும் கூட்டங்களில் முழங்கினார். 1968-இல் மறுபடி சிறை. வெளியே வந்தது 1977-இல். 1980-இல் அமெரிக்கா திரும்பிய பிறகு தன் பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆஸ்டில்ஸை வாங்கியவை பதவியும் தோட்டமும் என்றால், இவரை யாரும் வாங்கவே இல்லை. அதனால் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற இவரிடம் எதுவும் இருக்கவில்லை.

அமீனின் வட்டம் கம்பாலாவோடு முடிந்ததா என்பது தனிக் கேள்வி. லண்டனுக்கு அருகே ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திலிருந்து விஸ்கியும் ஆடம்பரப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு விமானங்கள் எண்டெபேக்குப் பறந்துகொண்டே இருந்தன. ராணுவ அதிகாரிகளை அமீனின் பக்கம் கட்டிவைத்த கயிறு அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்; "விஸ்கி விமானம்" என்று பெயரே வைத்திருந்தார்கள். ராஜதந்திர உறவை 1976-இல் முறித்துக்கொண்ட பிரிட்டன் இந்தப் பயணத்தை நிறுத்த அவசரப்படவில்லை. உகாண்டா விற்ற காப்பியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை வாங்கியவை அமெரிக்க நிறுவனங்கள். விமானத்துக்கான காசு அந்தக் காப்பியிலிருந்து வந்தது. அரசு வாங்குவதில்லை, தனியார் வணிகத்தில் எப்படித் தலையிடுவது என்று வாஷிங்டன் இழுத்தடித்தது. கியெம்பா போன்றவர்களின் சாட்சியங்கள் வெளிவந்து, அமெரிக்க நாடாளுமன்றத்தில் விசாரணைகள் நடந்து, உகாண்டாக் காப்பிக்குத் தடைச் சட்டம் வந்தபோது மாதம் 1978 அக்டோபர். அதுவரை அமீனின் ஆட்சியில் இறந்தவர்கள் 80,000-லிருந்து 3,00,000 வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன.

அதே அக்டோபரில் அமீனின் படை தான்சானியாவின் ககேராப் பகுதிக்குள் நுழைந்தது. தான்சானியக் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே படையைத் திரட்டித் திருப்பி அடித்தார். 1979 ஏப்ரல் 11 அன்று கம்பாலா வீழ்ந்தது, அமீன் லிபியாவுக்கும் பிறகு சவூதி அரேபியாவுக்கும் போய் 2003-இல் ஜெட்டாவில் படுக்கையில் இறந்தார். காப்பித் தடை தனியாக என்ன செய்திருக்கும் என்று பார்க்க அவகாசமே கிடைக்கவில்லை. அதை 1972-இல், அந்த நீதிபதியின் அறிக்கை வந்த கையோடு, செய்து பார்த்திருக்கலாம்.